காயிலும் இன்ஜெக்டரும்: மின்னோட்டத்தை நிறுத்தும் கணத்தில் டிரைவர் சுற்று என்ன செய்கிறது?

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 மாசு விதிகள் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தபோது, கார்களில் ஏற்கெனவே மறைந்துவிட்டிருந்த கார்புரேட்டர், புதிய இருசக்கர வாகனங்களிலிருந்தும் ஏறக்குறைய விடைபெற்றது. அதன் பிறகு பணிமனைகளில் அடிக்கடி கேட்கும் தீர்ப்பு, "இ.சி.யூ. போய்விட்டது, முழுதாக மாற்ற வேண்டும்" என்பது. இ.சி.யூ. என்பது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி. அதன் பலகையைத் திறந்து பார்த்தால் கணக்குப் போடும் மைக்ரோகண்ட்ரோலர் நலமாக இருக்க, அதற்கும் இன்ஜினுக்கும் நடுவே நிற்கும் ஓரிரு டிரான்சிஸ்டர்கள் மட்டும் கருகியிருப்பது அரிதன்று. பழைய கார்புரேட்டர் காருக்கு மெகாஸ்கர்ட், ஸ்பீடுயினோ போன்ற கட்டுப்பாட்டுப் பலகைகளைத் தாமே பூட்ட முயல்வோரும் பெரும்பாலும் இதே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். மென்பொருள் ஒழுங்காக ஓடும். பிளக்கில் ஸ்பார்க் எழ உயர் மின்னழுத்தம் தரும் இக்னிஷன் காயில் மட்டும் கை வைக்க முடியாதபடி கொதிக்கும்.

அந்த நடுவிலுள்ள பகுதிக்குத்தான் டிரைவர் சுற்று என்று பெயர். அது ஏன் எரிகிறது, இக்னிஷனுக்கும் இன்ஜெக்ஷனுக்கும் ஒரே சுற்று ஏன் பொருந்தாது, பூட்டுவதற்கு முன் எதையெல்லாம் கணக்கிட வேண்டும் என்பவற்றை அடிப்படையிலிருந்து இங்கே பார்க்கலாம்.

டிரைவர் எதற்கு?

மைக்ரோகண்ட்ரோலரின் ஒரு முனை 5 வோல்ட்டில் சில பத்து மில்லிஆம்பியர் மின்னோட்டத்தைத்தான் தரும். இக்னிஷன் காயிலுக்கு 7 ஆம்பியர் தேவைப்படலாம். இன்ஜெக்டருக்கு 1 முதல் 4 ஆம்பியர் வரை. ஆகவே சிறிய சமிக்ஞையைக் கொண்டு பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்ச் ஒன்று வேண்டும். வாகனங்களில் சாவி ஆனில் இருக்கும்வரை காயிலுக்கும் இன்ஜெக்டருக்கும் பேட்டரியின் நேர்முனை இணைந்தே இருக்கும். டிரைவர் மறுமுனையை எர்த்துடன் இணைத்தும் துண்டித்தும் வேலை செய்யும்.

இதுவரை எந்த ரிலேயும் செய்யக்கூடிய வேலைதான். சிக்கல் எல்லாம் துண்டிக்கும் கணத்தில் இருக்கிறது. காயிலும் இன்ஜெக்டரும் கம்பிச் சுருள்கள். சுருளில் மின்னோட்டம் ஓடும்போது அதைச் சுற்றிக் காந்தப்புலம் எழுகிறது. அந்தப் புலத்தில் ஆற்றல் தங்குகிறது. மின்தூண்டல் எண்ணை மின்னோட்டத்தின் இருமடியால் பெருக்கிப் பாதியாக்கினால் அந்த ஆற்றலின் அளவு கிடைக்கும். மின்னோட்டத்தைத் திடீரென நிறுத்தினால் அந்த ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். போக வழியில்லாவிட்டால், எவ்வளவு வேகமாக நிறுத்துகிறோமோ அவ்வளவு உயரமான மின்னழுத்தத்தைச் சுருள் தானே உண்டாக்கிக்கொள்ளும். பள்ளி இயற்பியலில் தன்மின்தூண்டல் என்று படித்தது இதைத்தான்.

இக்னிஷனில் இந்த மின்னழுத்த எழுச்சியே நமக்கு வேண்டிய விளைபொருள். இன்ஜெக்டரிலோ அது அடக்கி ஆள வேண்டிய பக்கவிளைவு. இரண்டு டிரைவர்களும் வேறுபடுவது இந்த ஒரு புள்ளியிலிருந்துதான். மற்ற வேறுபாடுகள் யாவும் இதன் கிளைகள்.

பாயின்டிலிருந்து டிரான்சிஸ்டருக்கு

அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் 1910 வாக்கில் கேடிலாக் கார்களுக்காக உருவாக்கிய பேட்டரி இக்னிஷன் முறையில் இந்தச் சுவிட்ச் வேலையைச் செய்தது, கேம் ஒன்று திறந்து மூடும் சி.பி. பாயின்ட் என்ற உலோகத் தொடுமுனை. பாயின்ட் திறக்கும்போது அதன் நடுவே தீப்பொறி எழுந்து ஆற்றலை வீணாக்காமலிருக்க, பக்கத்தில் ஒரு கண்டென்சர் வைத்தார்கள். பாயின்ட் போதுமான தூரம் விலகும்வரை மின்னோட்டத்திற்கு அது தற்காலிக வழியாக இருந்தது. கண்டென்சர் பழுதானால் பாயின்ட் கருகி ஸ்பார்க் வலுவிழப்பதைப் பழைய மெக்கானிக்குகள் நன்கு அறிவார்கள்.

இந்த முறையின் எல்லையை ஒரு கணக்கு காட்டும். காயிலில் இரண்டு சுருள்கள் உண்டு: பேட்டரி மின்னோட்டம் ஓடுவது முதன்மைச் சுருள், பிளக்குக்குப் போவது இரண்டாம் சுருள். பழைய உருளைக் காயிலின் முதன்மைச் சுருளுக்கு மின்தடை 3 ஓம், மின்தூண்டல் எண் 8 மில்லிஹென்றி, மின்னழுத்தம் 12 வோல்ட் என்று எடுத்துக்கொள்வோம். முழு மின்னோட்டம் 4 ஆம்பியர். நான்கு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்திற்கு 6,000 சுற்றில் ஓடும்போது நொடிக்கு 200 ஸ்பார்க் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 5 மில்லிநொடி. அதில் பாயின்ட் மூடியிருக்கும் நேரம் ஏறத்தாழ 3 மில்லிநொடி. அதற்குள் மின்னோட்டம் 2.7 ஆம்பியரைத்தான் எட்டும். ஆற்றல் இருமடியில் குறைவதால், முழு அளவில் பாதிகூட மிஞ்சாது. வண்டி வேகமெடுக்கையில் ஸ்பார்க் வலுவிழந்ததற்கு இதுவே காரணம். மின்தடை குறைந்த காயிலை வைத்து மின்னோட்டத்தைக் கூட்டலாம் என்றால் பாயின்ட் அதைத் தாங்காது. அந்த முட்டுச்சந்திலிருந்து வெளியே வர டிரான்சிஸ்டர் வழி திறந்தது. 1979இல் பாஷ் நிறுவனம் பி.எம்.டபிள்யூ. 732ஐ காரில் மோட்ரானிக் என்ற பெயரில் இக்னிஷனையும் இன்ஜெக்ஷனையும் ஒரே பெட்டியில் கொண்டுவந்தது.

காயில் டிரைவரின் கணக்கு

இன்றைய காயில் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: மின்தடை 0.6 ஓம், மின்தூண்டல் எண் 4 மில்லிஹென்றி, முதன்மை, இரண்டாம் சுருள்களின் கம்பிச் சுற்று விகிதம் ஒன்றுக்கு நூறு. 7 ஆம்பியர் ஏறியதும் துண்டித்தால் கிடைக்கும் ஆற்றல் ஏறத்தாழ 98 மில்லிஜூல். இதற்கான டிரைவரை முடிவு செய்யும்போது நான்கு கேள்விகள் எழுகின்றன.

1. மின்னோட்டம் ஏற எவ்வளவு நேரம்? இதற்கு டுவெல் என்று பெயர். டிரைவரில் விழும் 1.5 வோல்ட்டைக் கழித்துவிட்டுக் கணக்கிட்டால், 13.5 வோல்ட்டில் 7 ஆம்பியரை எட்ட 2.9 மில்லிநொடி ஆகும். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி 8 வோல்ட்டுக்கு இறங்கினால் அதே 7 ஆம்பியருக்கு 6.9 மில்லிநொடி தேவை. பேட்டரி மின்னழுத்தத்திற்கு ஏற்ப டுவெல் நேரத்தை மாற்றும் அட்டவணையை மென்பொருளில் வைக்காவிட்டால், குளிர்ந்த காலையில் வண்டி எடுக்காது அல்லது ஓட்டத்தில் காயில் வேகும்.

2. துண்டிக்காமலே விட்டால் என்ன ஆகும்? மின்னோட்டம் 20 ஆம்பியர்வரை ஏறும். காயிலும் டிரைவரும் சேர்ந்து 270 வாட் வெப்பத்தைக் குடிக்கும். பழைய 3 ஓம் காயில், சாவி ஆனில் கிடந்தாலும் சில நிமிடம் தாங்கும். இந்தக் காயில் தாங்காது. ஆகவே "ஆஃப்" என்பதே இந்தச் சுற்றின் இயல்பான நிலையாக இருக்க வேண்டும்.

3. துண்டித்ததும் முதன்மைச் சுருளில் மின்னழுத்தம் எதுவரை போகலாம்? பிளக்கில் 40 கிலோவோல்ட் வரை கிடைக்க வேண்டும் என்றால், விகிதம் நூறாக இருக்கையில் முதன்மைப் பக்கம் 400 வோல்ட் வரை எழ விட வேண்டும். அதற்கு மேல் போகவும் விடக்கூடாது.

4. பிளக் வயர் கழன்றிருந்தால்? ஸ்பார்க்காக வெளியேற முடியாத 98 மில்லிஜூலும் முதன்மைப் பக்கம் திரும்பி டிரைவரிலேயே வெப்பமாகும். 6,000 சுற்றில் ஒரு சிலிண்டருக்கு நொடிக்கு 50 முறை இது நடந்தால் ஏறத்தாழ 5 வாட். வெப்பத்தை வெளியேற்றும் நல்ல ஹீட்சிங்க் மீதுள்ள டிரைவர் அதைத் தாங்கிவிடும்; வெறும் பலகையில் நிற்பது தாங்காது.

இந்த நான்குக்கும் விடையாகத்தான் இக்னிஷனுக்கென்றே ஐ.ஜி.பி.டி. வகை டிரான்சிஸ்டர்கள் செய்யப்படுகின்றன. ஐ.எஸ்.எல்.9வி3040 என்ற பரவலான வகை, 400 வோல்ட் அளவில் தன்னைத் தானே சற்றுத் திறந்துகொண்டு மின்னழுத்தத்தை அங்கேயே நிறுத்திவிடும். ஒரு முறைக்கு 300 மில்லிஜூல் வரை விழுங்கும் திறனும் அதற்கு உண்டு. திறந்து மூடக் கட்டளை பெறும் அதன் கேட் முனையை 5 வோல்ட் லாஜிக் சமிக்ஞையாலேயே இயக்கலாம்.

மலிவாகக் கிடைக்கிறது, 49 ஆம்பியர் தாங்கும் என்று எழுதியிருக்கிறது என்பதற்காக ஐ.ஆர்.எஃப்.இசட்.44என் என்ற மாஸ்ஃபெட் வகை டிரான்சிஸ்டரைக் காயிலில் பூட்டுவோர் உண்டு. அதன் தாங்குதிறன் 55 வோல்ட். காயில் துண்டிக்கப்படும்போது 60, 70 வோல்ட்டிலேயே மாஸ்ஃபெட் உடைந்து கடத்தத் தொடங்கும். நூறால் பெருக்கினால் பிளக்கில் கிடைப்பது 6 அல்லது 7 கிலோவோல்ட். மேசை மேல் திறந்த காற்றில் சிறு இடைவெளியில் அது பொறியாகத் தெரியலாம். சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறியிருக்கையில் பொறி தாவ அதைவிடப் பல மடங்கு தேவை. ஆக, ஸ்பார்க் வராது. வராத ஸ்பார்க்கின் ஆற்றல் முழுவதும் மாஸ்ஃபெட்டுக்குள் போகும். ஆம்பியரைப் பார்த்துப் பொருளை வாங்கி, வோல்ட்டைப் பார்க்காமல் விட்டதன் விளைவு இது.

சி.டி.ஐ. என்ற மாற்று வழியையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். ஆற்றலைக் காயிலில் சேர்க்காமல், 300 வோல்ட் அளவுக்கு ஏற்றிய மின்தேக்கியில் சேர்த்து ஒரே வீச்சில் காயிலுக்குள் கொட்டும் முறை அது. ஒரு மைக்ரோஃபாரட் மின்தேக்கியில் 45 மில்லிஜூல் தங்கும். ஸ்பார்க் மிக வேகமாக எழும், ஆனால் நீடிக்காது. இருசக்கர வாகனங்களில் நெடுங்காலம் பணியாற்றியிருந்தாலும், மெலிந்த கலவையை எரிக்க நீண்ட ஸ்பார்க்கே மேல் என்பதால் கார்களில் காயிலில் ஆற்றலைச் சேர்க்கும் முறையே நிலைத்தது.

இன்ஜெக்டர் டிரைவர்: மூடும் நேரமே அளவு

இன்ஜெக்டர் என்பது சிறிய மின்காந்த வால்வு. மின்னோட்டம் பாய்ந்தால் ஊசி மேலெழுந்து பெட்ரோல் பீய்ச்சும். நின்றால் ஸ்பிரிங் ஊசியை மூடும். எரிபொருளின் அளவை நிர்ணயிப்பது அது திறந்திருக்கும் நேரம். ஐட்லிங்கில் அந்த நேரம் 2, 3 மில்லிநொடிதான் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், அடுத்து வரும் கணக்கின் கனம் புரியும்.

14 ஓம் மின்தடையும் 12 மில்லிஹென்றி தூண்டலும் உள்ள இன்ஜெக்டரில் 13.5 வோல்ட்டில் 0.96 ஆம்பியர் ஓடும். துண்டிக்கும்போது எழும் மின்னழுத்தத்திலிருந்து டிரான்சிஸ்டரைக் காக்க, ரிலேயில் செய்வதுபோலச் சுருளின் குறுக்கே ஒரு சாதாரண டயோடை வைத்தால் போதாதா? டிரான்சிஸ்டர் நிச்சயம் பிழைக்கும். ஆனால் சுருளின் மின்னோட்டம் டயோடு வழியே மெல்லச் சுழன்றபடி இருக்கும், அது 0.1 ஆம்பியருக்குக் குறைய 1.6 மில்லிநொடி ஆகும். அந்த நேரத்தில் பெரும்பகுதி ஊசி திறந்தே இருக்கும். 2 மில்லிநொடி பீய்ச்சச் சொன்ன இன்ஜெக்டர் ஏறக்குறைய அதே அளவு நேரம் கூடுதலாகப் பீய்ச்சினால் ஐட்லிங்கில் கரும்புகைதான்.

டயோடுக்குப் பதிலாக, மின்னழுத்தம் 60 வோல்ட் வரை எழ அனுமதித்து அங்கே பிடித்து நிறுத்தினால், அதே மின்னோட்டம் 0.2 மில்லிநொடிக்குள் அடங்கிவிடும். உயர்ந்த மின்னழுத்தம், வேகமான வீழ்ச்சி: மேலே சொன்ன அதே விதிதான். இதைச் செய்ய, கேட்டுக்கும் சுருள் இணையும் டிரெய்ன் முனைக்கும் நடுவே, குறிப்பிட்ட மின்னழுத்தத்தைத் தாண்டினால் கடத்தும் ஜீனர் டயோடை உள்ளேயே கொண்ட மாஸ்ஃபெட் வகைகள் கிடைக்கின்றன. ஒருமுறை துண்டிக்கும்போது வெளியாகும் ஆற்றல் 6 மில்லிஜூலுக்கும் குறைவு என்பதால் வெப்பம் பெரிய கவலையாவதில்லை. காயிலில் கால் பதிக்க முடியாத மாஸ்ஃபெட் இங்கே பொருத்தமான கருவியாகிவிடுகிறது.

மின்தடை குறைந்த இன்ஜெக்டர்கள்

பெரிய அளவிலும் சில பழைய அமைப்புகளிலும் வரும் இன்ஜெக்டர்களுக்கு மின்தடை 2 அல்லது 3 ஓம்தான். பேட்டரியை நேராகக் கொடுத்தால் 13.5 வோல்ட்டில் 4.5 ஆம்பியரோ அதற்கு மேலோ ஓடி, 60 வாட்டுக்கும் மிகுந்த வெப்பத்தில் சுருள் வெந்துவிடும். ஊசியைத் தூக்கத்தான் அதிக விசை தேவை. தூக்கியபின் பிடித்து வைக்கக் கால் பங்கு மின்னோட்டம் போதும். ஆகவே முதலில் 4 ஆம்பியர், பிறகு 1 ஆம்பியர் என்று இரு கட்டமாக ஓட்டுகிறார்கள். நேஷனல் செமிகண்டக்டரின் எல்.எம்.1949 என்ற சிப், சிறிய மின்தடை ஒன்றின் வழியே மின்னோட்டத்தை அளந்து இதே 4:1 விகிதத்தைத் தானே பார்த்துக்கொள்ளும்.

அந்த எளிமைக்கு ஒரு விலை உண்டு. 1 ஆம்பியரில் பிடித்து வைக்கும் கட்டத்தில் மீதி மின்னழுத்தம் முழுவதும் டிரான்சிஸ்டரின் குறுக்கே விழுவதால் ஒவ்வொன்றிலும் 11 வாட் அளவு வெப்பம் எழும். நான்கு இன்ஜெக்டருக்கும் சேர்த்து நல்ல கனமான ஹீட்சிங்க் தேவைப்படும். வெப்பத்தைத் தவிர்க்க, பிடித்து வைக்கும் கட்டத்தில் மாஸ்ஃபெட்டை விரைந்து திறந்து மூடிச் சராசரி மின்னோட்டத்தைக் குறைக்கலாம். ஆனால் இதற்கு, மூடிய கணங்களில் மின்னோட்டம் சுழன்று வர ஒரு டயோடு வழி கட்டாயம் வேண்டும். சற்று முன் நாம் வேண்டாமென்று ஒதுக்கிய அதே டயோடு வழி. எனவே பிடித்து வைக்கும்போது இந்த வழியைத் திறந்தும், கடைசியாகத் துண்டிக்கும்போது அதை மூடி மின்னோட்டத்தை ஜீனர் பக்கம் திருப்பியும் விட இன்னொரு டிரான்சிஸ்டர் சேர்கிறது. மெகாஸ்கர்ட் பலகைகளில் இன்ஜெக்டர் பகுதி இவ்வளவு நெருக்கமாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

முதல்முறை கட்டுவோருக்கு மின்தடை உயர்ந்த இன்ஜெக்டரே நல்லது. கிடைப்பது குறைந்த வகைதான் என்றால், ஒவ்வொன்றுக்கும் தொடரில் 6 ஓம் அளவுள்ள பெரிய பீங்கான் மின்தடையை வைப்பது பழைய, நம்பத்தக்க வழி. ஊசி திறப்பது சற்றுத் தாமதமாகும், அவ்வளவே.

நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் பெட்ரோல் இன்ஜின்களுக்கு இங்கே சொன்னது பொருந்தாது. அவற்றின் டிரைவர் முதலில் 65 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தத்தை உயர்த்திக்கொண்டே இன்ஜெக்டரைத் திறக்கிறது. வீட்டில் கட்டிப் பார்க்கும் வேலை அல்ல அது.

வாகனத்தின் மின்சூழல்

மேசையில் மாதக்கணக்கில் ஓடிய சுற்று வண்டியில் ஒரே நாளில் எரிவதற்குப் பெரும்பாலும் சூழலே காரணம். ஆல்டர்னேட்டர் பலமாகச் சார்ஜ் செய்துகொண்டிருக்கும்போது பேட்டரி முனை கழன்றால், கட்டுப்பாடற்ற ஆல்டர்னேட்டரில் மின்னழுத்தம் 80 வோல்ட்டையும் தாண்டி, நொடியின் பத்தில் சில பங்கு நேரம் நீடிக்கும். இதை லோடு டம்ப் என்பார்கள். உள்ளேயே அடக்கும் டயோடுள்ள ஆல்டர்னேட்டரில்கூட 35 வோல்ட் அளவுக்கு ஏறும். பேட்டரியைத் தலைகீழாக மாட்டுவதும், லாரி பேட்டரியிலிருந்து 24 வோல்ட்டில் ஜம்ப் செய்வதும் அன்றாடம் நடப்பவை. மைக்ரோகண்ட்ரோலருக்கு மின்சாரம் தரும் பகுதியில் திடீர் மின்னழுத்த எழுச்சியை அடக்கும் டி.வி.எஸ். டயோடும் தலைகீழ் இணைப்புத் தடுப்பும் இல்லாத பலகையை வண்டியில் ஏற்றக் கூடாது.

எர்த் வயரைப் பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். 7 ஆம்பியர் ஓடும் எர்த் வயரில் 0.05 ஓம் இருந்தாலும் அதன் குறுக்கே 0.35 வோல்ட் விழும். சென்சாரின் எர்த்தும் அதே வயரில் வந்தால், 5 வோல்ட்டுக்குள் அளக்கும் வெப்பநிலையும் த்ராட்டில் நிலையும் ஒவ்வொரு ஸ்பார்க்குக்கும் ஆடும். காயில், இன்ஜெக்டர் எர்த்துகள் தடித்த வயரில் நேரே இன்ஜின் பிளாக்குக்குப் போக வேண்டும். சென்சார் எர்த் தனியாகப் பலகைக்குத் திரும்ப வேண்டும்.

அடிக்கடி நேரும் மூன்று பிழைகள்

1. மிதக்கும் கேட். மைக்ரோகண்ட்ரோலர் விழித்தெழும் சிறு நேரத்திலும், புதிய மென்பொருள் ஏற்றும்போதும் அதன் முனைகள் எந்த நிலையிலும் இல்லாமல் மிதக்கும். அப்போது ஐ.ஜி.பி.டி.யின் கேட் தானாகத் திறந்து காயிலுக்கு மின்னோட்டம் பாயலாம். கேட்டுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு 10 கிலோஓம் மின்தடை இதைத் தடுத்துவிடும்.

2. தலைகீழ்ச் சமிக்ஞை. டிரைவர் எதிர்பார்க்கும் திசைக்கு மாறாக மென்பொருளில் ஸ்பார்க் வெளியீட்டை அமைத்துவிட்டால், ஓய்ந்திருக்க வேண்டிய நேரமெல்லாம் காயில் மின்னோட்டம் குடிக்கும். ஸ்பார்க்கும் டுவெல் தொடங்க வேண்டிய கணத்தில், அதாவது பல பாகை முன்னதாக, அடிக்கும். இன்ஜின் முட்டும், காயில் கொதிக்கும். காயிலை இணைப்பதற்கு முன்பே சரிபார்க்க வேண்டியது இது.

3. டிரைவர் உள்ள காயில் எது, இல்லாத காயில் எது என்று அறியாமை. மூன்று, நான்கு முனைகள் கொண்ட பல காயில்களில் ஐ.ஜி.பி.டி. உள்ளேயே இருக்கும், அவற்றுக்கு 5 வோல்ட் சமிக்ஞை போதும். இரண்டு முனைக் காயிலுக்கு வெளியே டிரைவர் வேண்டும். ஸ்பீடுயினோவின் பொதுப் பலகையில் இக்னிஷன் வெளியீடு லாஜிக் சமிக்ஞை மட்டுமே. இரண்டு முனைக் காயிலை அதில் நேராக மாட்டினால் பலகை போய்விடும்.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் மாறும்படி வாகனத்தை மாற்றியமைப்பதை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 52, கட்டுப்படுத்துகிறது. பி.எஸ்.6 வண்டியின் இ.சி.யூ.வைக் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்றைப் பூட்டுவதும், பழுதான டிரைவரை அதே வகையால் மாற்றுவதும் ஒன்றல்ல.

சோதிக்கும் வரிசை

முதன்மைப் பக்கத்தில் 400 வோல்ட்டும் பிளக் பக்கத்தில் பல்லாயிரம் வோல்ட்டும் எழும் சுற்று இது. கையால் தொடுவதும், பெட்ரோல் ஆவி உள்ள இடத்தில் ஸ்பார்க் பார்ப்பதும் உயிருக்கு ஆபத்து. இன்ஜெக்டர் திறந்தபடி சிக்கினால் சிலிண்டர் பெட்ரோலால் நிரம்பும் என்பதால், முதல் சோதனைகளின்போது பெட்ரோல் பம்ப்பின் ஃபியூஸைக் கழற்றிவிட வேண்டும்.

1. காயிலும் இன்ஜெக்டரும் இல்லாமல், அவற்றின் இடத்தில் 12 வோல்ட் பல்பை மாட்டுங்கள். சாவியை ஆன் செய்யும்போதோ மென்பொருள் ஏற்றும்போதோ பல்பு ஒருமுறைகூட மின்னக் கூடாது.

2. பிறகு காயிலை மாட்டி, பிளக்கின் உடலை எர்த் செய்து, 1 மில்லிநொடி டுவெல்லில் தொடங்குங்கள். ஆஸிலோஸ்கோப்பில் கரண்ட் கிளாம்ப் வைத்துப் பார்த்தால் மின்னோட்டம் சாய்கோடாக ஏறும். கோடு முடிவில் செங்குத்தாக நிமிர்ந்தால் காயிலின் இரும்பு நிறைவடைந்துவிட்டது என்று பொருள். அதற்குமேல் கொடுக்கும் நேரம் வெறும் வெப்பம். டுவெல் அந்த வளைவுக்குச் சற்று முன்பே முடிய வேண்டும்.

3. இன்ஜெக்டரின் மின்னோட்டக் கோட்டையும் அதே கிளாம்பில் பாருங்கள். ஏறிக்கொண்டிருக்கும் கோட்டில் ஓரிடத்தில் சிறு பள்ளம் விழும். ஊசி அசைந்து மேலே போய் முட்டியதன் அடையாளம் அது. மின்சாரம் கொடுத்த கணத்திலிருந்து அந்தப் பள்ளம் வரையுள்ள நேரம், பெட்ரோல் முழுதாய் வராமல் வீணாகும் திறப்பு நேரம். 11, 12.5, 14.5 வோல்ட் என மூன்று அளவுகளில் அதைக் குறித்துக்கொண்டால், மென்பொருளின் மின்னழுத்தத் திருத்த அட்டவணையை அந்த இன்ஜெக்டருக்கே உரிய எண்களால் நிரப்பத் தொடங்கலாம்.